ராசிபுரம் பக்கம் ஒரு கற்கோடரியும் இரண்டு பூப்பொட்டலமும்

போன மாசியில் ஒரு வியாழக்கிழமை, வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருந்தபோது கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. வேப்பமரத்தடிப் பிள்ளையார். அவர் காலடியில் மஞ்சள் பூசிய ஏழெட்டுக் கற்கள். அதில் ஒன்று, பின்பக்கம் குறுகி முன்பக்கம் அகன்று, வழவழவென்று தேய்த்த விளிம்போடு இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கற்கோடரியேதான்!

அனுப்பியவர் மணி. திருச்செங்கோட்டுக்காரர், இந்த வலைப்பதிவின் வாசகர். முன்பு ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் போர்க்கிணறு போட்டவர், இப்போது வாடகைக் கார் ஓட்டுகிறார். படத்தின் கீழே எழுதியிருந்தார்: "மேடம், திங்கக்கிழமை கோயிலுக்குக் கிரானைட் தளம் போடறாங்க. இந்தக் கல்லெல்லாம் அடியில போயிருமுங்க." சனி இரவே சென்னையிலிருந்து சேலத்துக்கு ரயில் ஏறிவிட்டேன்.

ஒரு கல்லுக்கு ஏன் இந்த ஓட்டம்? ஆதி மனிதர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி ஆசியாவெங்கும் பரவிய கதைக்கு எலும்புப் புதைபடிவம்தான் நேரடிச் சாட்சி. நம் நாட்டில் அது கிடைப்பது குதிரைக்கொம்பு. வெயிலும் மழையும் மண்ணும் எலும்பைத் தின்றுவிடுகின்றன, மிஞ்சுவது கல்லாயுதம்தான். இந்தக் கோடரி அந்த முதல் ஆட்களுடையது அல்ல. அவர்களுக்கு வெகுகாலம் பின்னால் வந்து ஆடுமாடு வளர்த்தவர்களுடையது. ஆனாலும் அந்த நெடுநடையின் தொடர்ச்சிதானே? எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆய்வாளர் ஒருவர், அருங்காட்சியகத்தில் சேர்த்துவிட்டால் அது எந்த ஊர்ப் பாறை என்றுகூடப் பார்க்கலாம் என்றார். அது போதாதா எனக்கு!

ஞாயிறு காலை ஆறு மணிக்கு சேலம் சந்திப்பில் மணி காத்திருந்தார். நாள் வாடகை, டீசல் சேர்த்து, 2,500 ரூபாய். ஆட்டையாம்பட்டி வழியாகப் போனோம். கைமுறுக்கு இரண்டு பொட்டலம் வாங்கியதால் பதினைந்து நிமிடம் தாமதம். (வாங்காமல் வந்தால் வீட்டில் சேர்க்கமாட்டார்கள்.)

வழியில் மனிதர்கள் நடந்து வந்த கதையைச் சொன்னேன். மணி வண்டியின் வேகத்தையே குறைத்துவிட்டார்.

"ஏனுங்க மேடம், ஆப்பிரிக்காவுல நான் ரெண்டு வருசம் போர் போட்டிருக்கறனுங்க. அங்கிருந்து பிளைட்டுல வாரதுக்கே ஒரு நாள் ஆச்சு. இவிய நடந்தா வந்தாங்க?"

"பல தலைமுறையா நடந்தாங்க மணி."

"இடுப்பு உட்டுப் போயிருக்குமுங்க," என்றவர், முன்கண்ணாடி அருகிலிருந்து வெள்ளையாக ஒரு நீளத் துண்டை எடுத்துப் பெருமையாக நீட்டினார். "கோயில் பக்கத்து ஓடையில எடுத்தனுங்க. எலும்புதானுங்க?"

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூட்டு மாதிரியே முடிச்சுகூட இருந்தது. ஓரத்தை உடைத்துப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்பும் நடுவில் வேர் இருந்த ஓட்டையும். வேரைச் சுற்றிப் படிந்த சுக்கான் கல்! நான் சிரிக்க, மணி முகம் தொங்கிப்போனது. முறுக்கு கொடுத்துச் சமாதானப்படுத்தினேன்.

ராசிபுரம் தாண்டி அரை மணி நேரத்தில் ஊர். (பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை.) கோயிலைச் சுற்றி ஜல்லியும் சிமெண்ட் மூட்டைகளும். பூசாரி என் கதையைப் பொறுமையாகக் கேட்டார். கற்களுக்கு அப்போதுதான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சரசக்கா கேட்கவில்லை. பக்கத்துத் தெருவில் தறி ஓட்டுபவர், தினமும் கோயிலைப் பெருக்கி விளக்குப் போடுபவர்.

"இடி உழுந்து வந்த கல்லு அம்மிணி அது. ஐயாவை எங்க கொண்டு போறீங்க?" என்று இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார். ஈரத்தில் அந்த விளிம்பு மின்னியது. யாரோ ஒருவர் நாள்கணக்கில் உட்கார்ந்து தேய்த்த விளிம்பு! எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாளைக்கு இதன்மேல் கான்கிரீட்டா?

"பூவாக்குக் கேட்டுரலாமுங்க," என்றார் பூசாரி.

வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்துச் சாமி முன்னால் வைப்பார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். அதற்குமேல் பேச்சில்லை. வெளியூர் ஆள் என்பதால் மணி எடுக்க வேண்டும் என்றார்கள். அறிவியல் பேசிக்கொண்டு போனவள் நான், பிள்ளையாரையே பார்த்துக் கைகூப்பி நின்றேன்.

"கல்லை ஊரை விட்டு எடுத்துட்டுப் போலாமா, சாமி?" என்று கேட்டார் பூசாரி.

மணி பிரித்தார். சிவப்பு.

மணி என் முகத்தைப் பார்க்காமல் பொட்டலத்தையே பார்த்தார். தளம் போட வந்திருந்த மேஸ்திரி, "அப்பறம் என்ன, நாளைக்கு வேலையை ஆரம்பிக்கறனுங்க," என்று நகர்ந்தார்.

"சித்த இருங்க," என்றார் சரசக்கா. "அடியில போட்டு மூடறதுக்கு யாரு வாக்குக் கேட்டீங்க? அதையும் கேளுங்க."

பூசாரி தயங்கினார். கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாருமே கேட்டிருக்கவில்லை. வெள்ளை வந்துவிட்டால் கல் போனது போனதுதான். மறுபடி இலை மடித்தார்கள். மணி இந்த முறை கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

சிவப்பு!

நான் கத்தியே விட்டேன். சரசக்கா என் தோளில் ஓங்கி ஒரு தட்டு. "நீங்க கொண்டு போறதுக்கும் உடல, இவிய பொதைக்கறதுக்கும் உடல. பாத்தீங்களா ஐயாவை!" மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, மரத்தைச் சுற்றி இடம் விட்டு, நூல் பிடித்துப் புதிய கோடு போட்டார்.

கோடரியை நான் தொடவே இல்லை. எந்த ஊர்ப் பாறை என்று தெரியாமலேதான் திரும்பினேன். கொஞ்சம் வருத்தம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து ராசிபுரத்துக்கு அடிக்கடி பேருந்து உண்டு, முப்பது கிலோமீட்டருக்குள்தான். சேர்வராயன், கொல்லிமலை அடிவார மரத்தடிக் கோயில்களில் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், மதிய வெயில் மண்டையைப் பிளக்கும். படம் எடுக்கக் கேளுங்கள். கல்லை எடுக்காதீர்கள், விலை பேசாதீர்கள்.

அடுத்த வாரம் வங்கியில் கூட்டம் அலைமோதிய நேரத்தில் மணியிடமிருந்து இன்னொரு படம். பளபளவென்று கிரானைட் தளம், நடுவில் மரத்தடியில் வெறும் மண். மண்ணில் அதே கற்கள், கோடரியின் மேல் ஒரு சிவப்பு அரளி. கீழே ஒரே வரி: "ஐயா எடத்தை உட்டு நகரலீங்க மேடம்." நான் போட்ட கூச்சலில், எதிரே வளையலைக் கழற்றிக்கொண்டிருந்த அம்மா, "தங்கம் விலை இறங்கிடுச்சா?" என்று பதறினார். "இல்லம்மா," என்று அந்தப் படத்தை அவரிடம் காட்டினேன்.