பொத்தான் இல்லாத இடம்

அலுவலகத்தில் அவனுக்குச் சல்லடை என்று பெயர். எதைக் கொடுத்தாலும் சலித்து, கல்லைத் தனியே பொறுக்கி வைத்துவிடுவான் என்பதால் வந்த பெயர். செல்பேசிச் செயலிகளைச் சோதிப்பது அவன் வேலை. ஒரு போனில் சாதுவாக நடந்துகொள்ளும் செயலி இன்னொரு போனில் முறைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே பலவகைப் போன்களிலும், அவற்றின் புதிய, பழைய இயங்குதளங்களிலும் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்து, எங்கே முரண்டு பிடிக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்குப் பொறுமைதான் முதல் தேவை. அது தன்னிடம் நிறைய இருப்பதாக அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

அவன் மேசை இழுப்பறையில் கிடந்த போன்களுக்கெல்லாம் உறவுமுறை உண்டு. விலை அதிகமான புதுப் போன் மாப்பிள்ளை. அதை எல்லாரும் இரண்டு கையாலும் வாங்குவார்கள். வேறு இயங்குதளத்தில் ஓடுவது சம்பந்தி. எதற்கெடுத்தாலும் கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது பெரியப்பா. சின்னத் திரை, பழைய இயங்குதளம், உப்பிப்போன முதுகு. மேசையில் வைத்தால் ஆடும். அதை எழுப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய் வந்துவிடலாம்.

மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களுக்கான வருகைச் செயலி சோதனைக்கு வந்த அன்று பெரியப்பா எழுந்திருக்கவே மறுத்தது. மறுநாள் வெளியிட வேண்டும் என்று குழுத் தலைவி அடிக்கடி எட்டிப் பார்த்தபடி இருந்தாள். அவன் கணினிக்குள்ளேயே அதே அளவுத் திரையோடு ஒரு போலிப் போனை ஓடவிட்டான். பணியாளர் தன் வார்டுக்குள் வந்ததும் 'வந்துவிட்டேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். செயலி என்பது அவ்வளவுதான். அழுத்தினான், பச்சையானது. சின்னத் திரைகளில் எழுத்தை ஆகப் பெரிதாக்கியும் பார்க்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அந்த விதியை எழுதியவனே அவன்தான். அன்று அதைச் செய்யவில்லை. பெரியப்பாவுக்கு நேரே 'சரி' என்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். மனசில் ஓர் உறுத்தலும் இல்லாமல் நன்றாகத் தூங்கினான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

செயலி வெளியான பிறகு, மக்கள் திரையில் எங்கே விரல் வைக்கிறார்கள் என்பது அலுவலகத்தில் பதிவாகும். எந்தப் போன் என்பதற்கு ஓர் எண் இருக்கும், வைத்தவரின் முகமோ பெயரோ தெரியாது. அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்பதும் தெரியாது. விரல் பட்ட இடங்கள் மட்டும், அலுவலகம் வைத்திருக்கும் மாதிரித் திரையின் மேல் புள்ளி புள்ளியாக விழும். வாராந்தரக் கூட்டத்தில் அப்படி ஒரு பதிவை ஓடவிட்டார்கள். யாரோ ஒருவர் பொத்தானுக்குக் கீழே, வெறும் இடத்தில், விடாமல் தட்டிக்கொண்டிருந்தார்.

"பொத்தான் இம்மாம் பெருசா இருக்கு. அதை விட்டுட்டு வெத்து இடத்தைக் கொத்துது பாருங்க" என்றான் சல்லடை. "சரியான மரங்கொத்தி!"

"மரங்கொத்திக்காவது ஒரு புழு கிடைக்கும், அண்ணா" என்றான் பக்கத்தில் இருந்த நிரல் எழுதுகிறவன்.

தலைவிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கத்துக்குடுக்க வேண்டியது ஆஸ்பத்திரி வேலை. நம்ம பக்கம் தப்பில்லன்னு போட்டுடு" என்றாள். போட்டான். அன்று மாலை வீட்டில் மனைவிக்கு அந்தப் புள்ளிகளை மேசைமேல் விரலால் கொத்திக் காட்டினான். "பாவம், போதும்" என்று சொல்லிக்கொண்டே அவளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அவனுக்கு ஓர் அக்கா உண்டு. வாயாடி. ஒரு மருத்துவமனையில் வார்டு துடைக்கிறாள். 'அக்கா என்ன செய்கிறார்' என்று அலுவலகத்தில் யாரோ ஒருமுறை கேட்டபோது, 'ஆஸ்பத்திரியில் இருக்கிறார்' என்று சொன்னான். கேட்டவர் அவளைச் செவிலியர் என்று எடுத்துக்கொண்டார். அவன் அதைத் திருத்தப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வந்தாள். வழக்கமாக வாசலிலேயே பேச்சை ஆரம்பிக்கிறவள், அன்று உட்கார்ந்த பிறகும் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"டேய், சிரிக்க மாட்டேன்னா ஒன்னு சொல்றேன்."

"சொல்லுக்கா."

"வேலைக்கு வந்தா போன்ல ஒரு ஆப்பைத் தட்டணும்னு கொண்டாந்திருக்காங்க. எல்லாருக்கும் பச்சை விழுது, எனக்கு மட்டும் விழமாட்டேங்குது. என் விரல்ல ரத்தம் ஓடலையோ என்னவோ."

"உங்க விரல்லயா? ஊர்க்கதை சொல்றப்ப அது ஓடற ஓட்டத்தைப் பாக்கணுமே, அண்ணி" என்று மனைவி சிரித்தாள்.

"நீ வேற. சூப்பர்வைசர் என்னைக் கண்ணால பாக்கறார். நான் துடைச்ச தரையிலதான் வழுக்கி விழாம நடக்கறார். ஆனா ஆப்ல நான் வரலையாம். நாளைக்கும் இதே கதைன்னா வேற ஆளைப் போட்டுக்கறேம்மான்னுட்டார்."

அவன் போனை வாங்கிப் பார்த்தான். எழுத்துகள் ஆகப் பெரிதாக இருந்தன. மாஸ்க் போட்டால் கண்ணாடியில் ஆவி படிந்துவிடுகிறது, அதனால்தான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டேன் என்றாள் அக்கா. அவள் பெயர், வார்டின் பெயர், தேதி என்று மூன்றுமே திரையை அடைத்துக்கொண்டு நின்றன. பொத்தான் அடியில் எங்கோ போய்விட்டிருந்தது. திரையைத் தள்ளிப் பார்த்தான், நகரவில்லை.

"இதுல எங்கக்கா தட்டற?"

"இங்கதான். கூட வேலை பாக்கறவ போன்ல பொத்தான் இந்த இடத்துலதான் இருக்கு. உன்னுதுலயும் உள்ள இருக்கும், கொஞ்சம் அழுத்தித் தட்டுன்னா." திரையின் அடியில், வெறும் வெள்ளையில், அக்கா தட்டினாள். விட்டுவிட்டுத் தட்டினாள். நகம் கண்ணாடியில் பட்டுச் சத்தம் வந்தது.

மனைவியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அவன் எழுத்தைச் சிறிதாக்கினான். பொத்தான் மேலே வந்தது. "அடப்பாவி, ஒளிஞ்சுக்கிட்டா இருந்தே?" என்று அக்கா அதனிடமே கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன்கிட்ட கேக்கவே கூச்சமா இருந்துச்சுடா. தம்பி போன்லயே வேலை பாக்கறான், அக்காவுக்கு ஒரு பொத்தானை அழுத்தத் தெரியலன்னா உனக்குத்தானே அசிங்கம்" என்றாள்.

வாயைத் திறந்து தன் தப்பைச் சொல்ல அதைவிட நல்ல இடம் அவனுக்குக் கிடைத்திருக்காது. "போன் ரொம்பப் பழசுக்கா" என்றான். அது உண்மைதான். பொய் சொல்லியிருந்தால்கூடப் பிற்பாடு அவனுக்கு இவ்வளவு கூசியிருக்காது.

பொத்தான் கிடைத்துவிட்டாலும், கடந்த நாட்களிலெல்லாம் அக்கா வேலைக்கு வராதவள்தான். அதை மாற்ற வேண்டுமென்றால் தப்பு செயலியுடையது என்று அவன் நிறுவனம் எழுதித் தர வேண்டும். திங்கட்கிழமை காலை, வந்த கையோடு தலைவியிடம் போய்ப் பொத்தான் மறைவதைக் காட்டினான்.

"பயனர் எழுத்தளவை மாத்தினதால வந்த சிக்கல்னு எழுதிடலாம். உன் பேரே வராது" என்றாள் அவள்.

அழகான வாக்கியம். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதைப் படிக்கும் சூப்பர்வைசர், 'ஏம்மா மாத்தின?' என்றுதான் அக்காவைக் கேட்பார்.

"வேண்டாம் மேடம். நான் அந்தப் போனைச் சோதிக்கவே இல்ல. சரின்னு போட்டது பொய்."

நிரல் எழுதுகிறவன் திரும்பிப் பார்த்தான். "ஒரு மரங்கொத்திக்காகவா அண்ணா உங்க தலையை நீங்களே குடுக்கறீங்க?"

"அது எங்க அக்கா. வார்டு துடைக்கறாங்க."

கேட்டவன் எழுந்தே நின்றுவிட்டான். "ஐயோ, சாரி அண்ணா. எனக்குத் தெரியாது."

அந்த மரியாதைதான் சல்லடையைச் சுட்டது. என்ன தெரியாது? அக்கா என்று தெரியாது. அக்காவாக இல்லாதிருந்தால் மன்னிப்புக்குத் தேவையே இருந்திருக்காது. சிரிப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கும், அதற்கு அவனே தாளம் போட்டுக்கொண்டிருப்பான். தன் ரத்தம் என்பதால்தான் அவனுக்கும் உறைத்தது. அப்படி உறைத்ததை நல்ல குணத்தின் கணக்கில் சேர்க்க அவனால் முடியவில்லை. சேர்க்க, இதைச் சொல்கிற எனக்கும் தோன்றவில்லை.

பழைய பதிவுகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தான். அதே வெறும் இடத்தில் வேறு விரல்களும் தட்டியிருந்தன. அந்தப் போன்களுக்கு உரியவர்கள் எல்லாருடைய வருகையையும் சரி செய்யச் சொல்லிக் கடிதம் எழுதினான்.

"இவங்களும் உனக்குச் சொந்தமா?" என்று தலைவி கேட்டாள்.

"இல்ல மேடம். யாருன்னே தெரியாது."

அவள் கடிதத்தை இன்னொரு முறை படித்தாள். பிறகு ஒன்றையும் மாற்றாமல் அனுப்பினாள்.

மத்தியானம் அக்கா கூப்பிட்டாள். அவன் மாடிப்படிக்குப் போய் எடுத்தான்.

"டேய், எல்லா நாளும் பச்சையாயிடுச்சு! தப்பு ஆப்லதானாம். சூப்பர்வைசர் என்னவோ தானே கண்டுபிடிச்ச மாதிரி நெஞ்சை நிமித்திக்கிட்டு வந்து சொல்றார். இன்னும் சில பேருக்கும் சரியாயிடுச்சு. ஒருத்திதான் பாவம். பிரசவ வார்டுல இருந்தா. போன வாரமே நின்னுட்டா."

"ஏன்?"

"எனக்கு இதெல்லாம் மண்டையில ஏறாது, தினம் எல்லார் எதிர்லயும் முட்டாள்னு பேர் வாங்க முடியாதுன்னு அழுதுக்கிட்டே போனா. இப்ப கூப்பிட்டா போனை எடுக்க மாட்டேங்கறா."

"அவங்க வீடு எங்கக்கா?"

"நீ எதுக்குடா கேக்கற?"

"அந்த ஆப்பைச் சோதிச்சது நான்தான்கா. சோதிக்காமயே சரின்னு போட்டுட்டேன்."

மறுமுனையில் தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம் நின்றது.

"நேத்து உன் வீட்டுல உக்காந்து, எனக்குத் தட்டத் தெரியலடான்னு சொன்னேனே. அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

மற்ற நாளாக இருந்தால் அக்கா அவனைத் திட்டித் தீர்த்திருப்பாள். அவன் அதற்குத்தான் காத்திருந்தான். அவள் திட்டவில்லை.

"சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நில்லு" என்றாள். "அதுக்குள்ள அவ வீட்டை விசாரிச்சு வெக்கறேன். இப்ப என்கிட்ட சொன்னியே, அதை அவகிட்ட வந்து சொல்லு." போனை வைத்துவிட்டாள்.

அவன் உள்ளே போய்த் தலைவியிடம் இன்று கொஞ்சம் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றான். எதற்கு என்று அவள் கேட்டாள். எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னான்.