சீசனில் ரூம் காலி இல்லை

விடுமுறை விற்கிற வேலையில் சேர்ந்தவர்களுக்குக் கிடைக்காத ஒரே பொருள் விடுமுறைதான்.

உங்களுக்கும் அந்தப் போன் வந்திருக்கும். சோற்றில் கை வைக்கிற நேரம் பார்த்து ஒரு பெண் குரல் தேன் ஒழுகக் கூப்பிட்டிருக்கும். "வாழ்த்துகள் சார், உங்க நம்பர் குலுக்கல்ல விழுந்திருக்கு. மேடத்தோட வந்து இலவசமா டின்னர் சாப்பிட்டுட்டுப் போங்க." போர்ட் பிளேரில் அந்தக் குரல் நான்தான். திட்டுவதானால் இங்கேயே திட்டிவிட்டு மேலே படியுங்கள். டின்னருக்கு வந்தவர்களை உட்கார வைத்து, வருஷத்துக்கு ஒரு வாரம் கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் எங்கள் ரிசார்ட் எதில் வேண்டுமானாலும் தங்கலாம் என்று ஒரு மெம்பர்ஷிப்பை அவர்கள் தலையில் கட்டுவது எங்கள் தொழில். யாராவது கையெழுத்துப் போட்டால் மேனேஜர் மல்ஹோத்ரா சார் மேஜை மேல் இருக்கும் மணியை அடிப்பார். நாங்கள் எல்லோரும் எழுந்து கை தட்ட வேண்டும்.

இந்த வலையில் என் சொந்த அத்தானே வந்து விழுந்தார். ரிட்டயர் ஆகி வாங்கிய பணத்தில் அக்காவின் முட்டி ஆபரேஷனுக்கென்று எடுத்து வைத்திருந்ததை எங்கள் கம்பெனியில் கொட்டப் பார்த்தார். தடுத்தால் என் வேலை போகும், தடுக்காவிட்டால் அக்காவின் முட்டி போகும். அந்த இடத்துக்கு வருவதற்கு முன்னால் எங்கள் வாடிக்கையாளர்கள் சிலரை நீங்கள் பார்த்துவிடுவது நல்லது.

புளி தூக்கல்

எங்கள் ஊர் டாலிகஞ்சில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு நான் போன் செய்தேன். மனைவியோடு வந்தார். மல்ஹோத்ரா சார் இந்தியில் ஒரு மணி நேரம் தொண்டை வற்றப் பேசினார். அண்ணாச்சி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியில் "தேக்கேங்கே" என்றார். பார்ப்போம் என்று அர்த்தம். இந்தத் தீவில் பெங்காலி, தெலுங்கு, மலையாளி, தமிழன் யாராக இருந்தாலும் 'மாட்டேன்' என்பதை இந்த ஒரே வார்த்தையில்தான் மரியாதையாகச் சொல்வார்கள். மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்த மல்ஹோத்ரா சாருக்கு அது தெரியாது. 'பார்ட்டி சூடாக இருக்கிறது, விடாதே' என்று என்னை விரட்டினார்.

அடுத்த மாதம் திரும்பக் கூப்பிட்டேன், அண்ணாச்சி வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார், இந்தத் தடவை மச்சினனையும் அவன் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு. ஐஸ்கிரீம் வரை ஒன்றையும் விடவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு என்னிடம் வந்து ரகசியமாகச் சொன்னார்:

"உங்க ஸ்கீம் ரொம்ப நல்லாருக்கும்மா. மீன் குழம்புலதான் கொஞ்சம் புளி தூக்கல், அடுத்த மாசம் பார்த்துக்கோங்க."

கடல் தெரியும் அறை

தலைமை அலுவலகத்திலிருந்து அனுப்பிய படங்களைத்தான் திரையில் காட்டுவோம். நீலக் கடல், வெள்ளை மணல், சாய்ந்த தென்னை. ஜன்னலைத் திறந்தால் கடல் என்று மல்ஹோத்ரா சார் கண்ணை மூடிக்கொண்டு உருகுவார். எதிரே உட்கார்ந்திருக்கிற சனம் முழுக்க ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற சனம். உப்புக் காற்றில் இரும்பு ஜன்னல் துருப்பிடித்து மூட முடியாமல் தவிக்கிற சனம். ஒரு நாள் ஹார்பரில் வேலை பார்க்கும் ஒருவர் கையைத் தூக்கினார். கேள்வி கேட்கிறார் என்றாலே பாதி விற்றாயிற்று என்பது மல்ஹோத்ரா சாரின் நம்பிக்கை. 'கேளுங்கள்' என்றார் மகிழ்ச்சியாக.

"சார், கடல் தெரியாத ரூம் ஏதாச்சும் இருக்கா?"

ஆறு மாதம் முன்னாடி

ஒரு குமாஸ்தா வந்தார். மனைவி, இரண்டு பிள்ளைகள். நல்ல மனிதர், உண்மையாகவே வாங்கும் எண்ணத்தில் வந்தவர். சீசனில் ரூம் வேண்டுமென்றால் ஆறு மாதம் முன்னாடியே புக் செய்ய வேண்டும் என்று மல்ஹோத்ரா சார் சொன்னதும் அவர் முகம் மாறியது. ஆறு மாதம் கழித்து எந்தக் கப்பல் எந்த நாளில் கிளம்பும் என்று இந்தத் தீவில் யார் சொல்ல முடியும்? தேதி அறிவித்து, டிக்கெட் வாங்கி, பெட்டியைக் கட்டி வைத்த பிறகும் கடல் சரியில்லை என்று கப்பல் நின்றுவிடும். இதையெல்லாம் அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

'கப்பல் எதற்கு? பிளேனில் போங்கள்' என்றார் மல்ஹோத்ரா சார், ஆட்டோவில் போங்கள் என்பது போல. குமாஸ்தா நாலு பேருக்கும் போகவர மனசுக்குள் கணக்குப் போட்டார். பிறகு எங்களுக்கே ஒரு ஸ்கீம் சொன்னார்:

"ஒண்ணு செய்ங்க சார். பிளேனை நீங்க ஃப்ரீயா குடுங்க. ரூமை நான் காசு குடுத்து எடுத்துக்கறேன்."

அதே வியூ

துறைமுக ஆபீசில் வேலை பார்க்கிற ஒரு பையன் கல்யாணமான புதிதில் மனைவியோடு வந்தான். கூடவே அவன் அம்மாவும் வந்தார். அந்த அம்மா சிலோன் மலையில் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளுக்குக் கட்டிய லயத்து அறையில் பிறந்து, சின்ன வயதில் பெற்றோரோடு இந்தத் தீவுக்கு அனுப்பப்பட்டு, இங்கே ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி மகனைப் படிக்க வைத்தவர். இதை மகன் போகிறபோக்கில் என்னிடம் சொன்னான். நான்தான் முட்டாள்தனமாக மலை ரிசார்ட்டின் படத்தைப் போட்டேன். பச்சைப் பசேலென்று தேயிலைத் தோட்டம், ஓரத்தில் கூடையோடு நாலைந்து பெண்கள். 'காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தால் இந்த வியூதான் அம்மா, இதற்காகவே கொஞ்சம் கூடுதல் ரேட்' என்றேன்.

அந்த அம்மா திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். அழப்போகிறாரோ என்று அவசரமாக அடுத்த படத்துக்கு மாற்றப் போனேன். அழவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தக் கூடைக்காரிகளைக் காட்டிக் கேட்டார்:

"லயத்துக் காம்பராவில இருந்தும் இதே வியூதான் புள்ள. அதுக்கு எங்ககிட்ட யாருமே கூடுதலா கேக்கலியே?"

மாப்பிள்ளை முறுக்கு

ஏற்கனவே மெம்பரானவர்கள் ஆபீஸ் பக்கம் வந்தால் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். ஒரு வாத்தியார் வந்தார். கேட்ட இடமெல்லாம் 'காலி இல்லை'. கிடைத்த இடம் அடைமழைக் காலத்தில், அதுவும் யாரும் போகாத ஊரில். போனாலும் போகாவிட்டாலும் வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் கேட்டு மட்டும் தப்பாமல் கடிதம் வந்துவிடும். படுக்காத கட்டிலுக்கு நான் ஏன் துணி வெளுக்கக் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் எனக்குச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. எனக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் 'சீசனில் ரூம் காலி இல்லை சார், முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும்' என்ற ஒரு வரிதான். அதையே பாடினேன். வாத்தியார் எழுந்துகொண்டே சொன்னார்:

"பொண்டாட்டி கோவிச்சுட்டுப் போனப்ப மாமனார் வீட்டு வாசல்லகூட நான் இவ்வளவு கெஞ்சினதில்லம்மா."

அத்தான் வந்தார்

இப்போது அத்தான். ஒரு சாயங்காலம் ஹாலில் நிமிர்ந்து பார்க்கிறேன், கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நான் கூப்பிடவில்லை. பேப்பரோடு வைத்து வந்த நோட்டீஸைப் பார்த்துத் தானே வந்திருக்கிறார். மல்ஹோத்ரா சார் வழக்கம்போல 'இந்தச் சலுகை இன்று மட்டும்' என்றார். அது தினமும் இன்று மட்டும்தான். நான் தண்ணீர் வைக்கிற சாக்கில் அத்தான் காலை மிதித்தேன். 'ஏன் மிதிக்க?' என்று ஹாலே கேட்கக் கத்தினார் மனுஷர். மல்ஹோத்ரா சார் என்னைப் பார்த்த பார்வையிலேயே பாதி வேலை போய்விட்டது.

வெளியே இழுத்துக்கொண்டு போய், "அத்தான், இது ஆகாது, அக்கா முட்டியை முதல்ல பாருங்க" என்றேன். வாத்தியார் கதையையும் சொன்னேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை. அவர் சொன்னதிலும் பொய் கிடையாது. போர்ட் பிளேர் ஓரத்தில் கராச்சர்மாவில் இருக்கும் அக்கா வீடு வீடா? மெயின்லேண்டு சொந்தக்காரர்களுக்கு அது சத்திரம். டிசம்பர் வந்தால் 'அந்தமான் பார்க்கணும்' என்று ஏர்போர்ட்டிலிருந்து நேரே வந்து இறங்குவார்கள். விடியற்காலை படகுக்குக் கட்டுச்சோறு, திரும்பி வந்தால் மீன் வறுவல், கொடி நிறைய மணல் ஒட்டின துணி. சென்னை சித்தப்பா மட்டும் எத்தனை தடவை வந்தார் என்று அக்காவுக்கே நினைவில்லை. அக்கா மெயின்லேண்டு போனதெல்லாம் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான். அங்கேயும் அடுப்படிதான். கடைசியாக அத்தான் சொன்னது இவ்வளவுதான்:

"உங்க அக்கா ஒரு நாளாவது உக்காந்த இடத்துல, வேற யாரோ போட்ட காப்பியைக் குடிக்கட்டும்னு பாக்கேன். தப்பா ஜெயா?"

கிச்சன் இருக்கு மேடம்

கணவன் மனைவி இருவரும் வந்தால்தான் கையெழுத்து என்பது கம்பெனி விதி. மறுநாள் அக்கா வந்தாள், முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி. மல்ஹோத்ரா சார் மணியை மேஜை நடுவில் நகர்த்தி வைத்துக்கொண்டார். அக்காவுக்குப் படங்கள் பிடித்துவிட்டன. மெத்தை விரிப்பைப் பார்த்து, 'யார் மடிச்சு வைப்பா?' என்றாள். அதற்கு ஆட்கள் வருவார்கள் என்றதும் அத்தானைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து, சரி, வாங்கிக்கொள்ளட்டும், எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று எனக்கே தோன்றிவிட்டது.

மல்ஹோத்ரா சார் அதோடு நிறுத்தியிருந்தால் அன்று மணி அடித்திருக்கும். வாய் சும்மா இருந்தால்தானே! எங்கள் ரூமின் பெரிய விசேஷம் என்று இந்தியில் அடுக்கினார்: 'தனிக் கிச்சனே இருக்கு மேடம். அடுப்பு, குக்கர், பாத்திரம் எல்லாம் ரெடி. ஹோட்டல் செலவே இல்லை, நீங்களே உங்கள் கையால் சமைக்கலாம். ஆறு பேர் தங்கலாம், சொந்தக்காரர்களையும் கூட்டி வாருங்கள்.' அக்கா அந்தச் சமையலறைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஏங்க, எந்திரிங்க. இது நம்ம வீடேதான்."

பழைய மெம்பர்

மாதக் கடைசியில் என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். காலை மிதித்தது கம்பெனிக்கு எதிரான நடவடிக்கையாம். போகட்டும். அத்தான் வைத்திருந்த அந்தப் பணத்தில் அக்காவுக்குச் சென்னையில் ஆபரேஷன் நடந்தது. கூடத் துணைக்கு நான்தான் போனேன். நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நாள் பக்கத்திலேயே தங்கிக் காட்டிவிட்டுப் போங்கள் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில்தான் சித்தப்பா வீடு, மேலே இரண்டு ரூம் சும்மா கிடக்கிறது. அக்கா வாய்விட்டு யாரிடமும் எதுவும் கேட்காதவள். அன்றைக்குச் சித்தப்பாவிடம் கேட்டாள்.

சித்தப்பா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார். வீட்டில் பெயின்ட் அடிக்கப் போகிறோம், மருமகள் வீட்டார் வேறு வருகிறார்கள் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். நாங்கள் ஒரு லாட்ஜில் தங்கினோம். அக்கா அன்று ராத்திரி வாக்கரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முட்டி வலிக்கிறது என்றாள், நான் நம்பவில்லை. சித்தப்பா கிளம்பும்போது சொன்னது அப்படியே என் வேலையில் எனக்குச் சொல்லிக் கொடுத்த வரி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது:

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? சீசன் டைம்ல வந்துட்டீங்களே."

காப்பி சகிக்கலை

அந்த டிசம்பரில் அக்கா வீட்டைப் பூட்டினாள். காட்டு வழியைப் போலீஸ் காவலோடு வரிசையாகக் கடக்கிற கன்வாயில் வண்டியோடு வண்டியாக நின்று, நகர்ந்து, மூவரும் பஸ்ஸில் வடக்கே இருக்கும் ரங்கத் போய்ச் சேர்ந்தோம். ஊருக்கு வெளியே கடலோரத்தில் ஒரு சாதாரண கெஸ்ட் ஹவுஸ். மெம்பர்ஷிப் இல்லை, மணி இல்லை, நேரில் போய்க் கேட்டோம், ரூம் கொடுத்தார்கள். கிச்சன் இருக்கிறதா என்று அக்கா முதலிலேயே கேட்டு, இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். சாயங்காலம் வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்தாள். சமையற்காரர் காப்பி கொண்டுவந்து வைத்தார். 'சகிக்கலை, வெந்நீர் மாதிரி இருக்கு' என்று சொல்லிக்கொண்டே கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

அப்போதுதான் அத்தான் போன் அடித்தது. சென்னை சித்தப்பா. மருமகள் வீட்டாரோடு அடுத்த வாரம் வருகிறாராம், எட்டுப் பேராம், ஏர்போர்ட்டுக்கு வண்டி அனுப்பச் சொன்னார். அத்தான் பழக்கதோஷத்தில் 'அதுக்கென்ன மாமா' என்று ஆரம்பித்தார். அக்கா போனை வாங்கினாள். இவ்வளவு இனிமையான குரலில் நான் வேலை பார்த்த காலத்தில்கூடப் பேசியதில்லை:

"சீசன்ல ரூம் காலி இல்லையே சித்தப்பா. ஆறு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

மெம்பர்ஷிப் வாங்கலாமா வேண்டாமா என்று இன்றும் என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வதெல்லாம், நிம்மதியாக ஒரு விடுமுறை வேண்டுமென்றால் புதிதாக எங்கும் மெம்பராகச் சேர வேண்டாம், உங்கள் வீட்டுக்கு வருஷா வருஷம் வந்து தங்குகிற பழைய மெம்பர்களில் ஒன்றிரண்டு பேரை நீக்கினால் போதும்.