குலுக்க மறந்த சீட்டு

1986-இல், உத்திரமேரூரில் நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது.

எங்கள் பள்ளிக்கு அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. டி.வி. பெட்டியோடு இணைத்து, டேப் ரிக்கார்டரில் கேசட்டை ஓடவிட்டு புரோகிராமை ஏற்ற வேண்டும். சுவிட்சை அணைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். அந்தப் பாடம் எடுத்தவர்கள் பன்னிரண்டு பேர். பள்ளி விட்டபின் ஒன்றரை மணி நேரம் திறந்து வைப்பார்கள். ஆளுக்குக் கால் மணி என்றால், ஒரு நாளைக்கு ஆறு பேர்தான் உட்கார முடியும்.

அந்த ஆறு பேரைச் சீட்டுப் போட்டு எடுப்போம். குடவோலை ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்? சாக்பீஸ் டப்பாவில் பன்னிரண்டு பெயர்களைப் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுப்பதுதான் வழக்கம்.

இந்தக் குலுக்கலைக் கம்ப்யூட்டரே செய்வதுபோல எழுதுவதுதான் என் பிராஜெக்ட். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்து மதிப்பெண் போடுவார். ஒரே நாளில் இருபது முறை ஓட்டிப் பார்த்து, வந்த வரிசைகளை நோட்டில் எழுதினேன். இருபதும் வேறு வேறு. ஆசிரியர் மகிழ்ந்துபோய், திங்கட்கிழமை முதல் டப்பா வேண்டாம், இதுவே முறை சொல்லட்டும் என்றார்.

திங்களன்று என் பெயர் மூன்றாவதாக வந்தது. செவ்வாயும் மூன்றாவது. புதனும் அப்படியே. எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. கிடைத்துக்கொண்டே இருப்பவருக்கு வராதுதான்.

சந்தேகம் வந்தது பன்னிரண்டாவது பெயருக்கு உரியவளுக்கு. அவள் பக்கத்துக் கிராமத்திலிருந்து நடந்து வருவாள். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவு, அறுப்பு என்று போகிறவர்கள். முறை கிடைக்காத நாட்களிலும் போகாமல், எங்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். புதன்கிழமை மாலை, ரஃப் நோட்டின் பின்பக்கத்தை ஆசிரியர் முன்னால் விரித்து வைத்தாள். மூன்று நாள் வரிசையும் அதில் இருந்தது. மூன்றும் ஒன்றே.

"மூணு நாளா நான் பன்னெண்டாவது, இவ மூணாவது. இன்னாமே, உன் மிஷினுக்கு உங்க ஆறு பேரத்தான் தெரியுமா?"

"நான் ஒண்ணும் பண்ணலடி," என்றேன்.

"பண்ணாமயா அதே வரிசை வருது? கோயில் மரியாதையா இது, தெனம் அதே ஆளுக்கு மொதல்ல குடுக்க?"

சிலர் சிரித்தார்கள். ஆசிரியர் சிரிக்கவில்லை. "வர்ற திங்கக்கெழம பிராஜெக்ட் பாக்க ஆள் வராரு. வெள்ளிக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா இதக் காட்டாத," என்றார். காட்டாவிட்டால் மதிப்பெண் இல்லை. அதைவிட, ஏமாற்றினேன் என்ற பேச்சு நிற்கும்.

வீட்டுக்கு வந்து, காரணமாக இருக்கக்கூடியவற்றை வரிசையாக எழுதினேன். பெயர்களைத் தப்பாக அடித்தேனா, கேசட் கெட்டதா, கணக்கு தவறா. ஒவ்வொன்றாக, அது இல்லை என்று கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் தாளில் எதுவும் மிஞ்சவில்லை.

வியாழன் விடுமுறை. வெள்ளிக்கிழமை பழைய டப்பா திரும்ப வந்தது. குலுக்கும் வேலையை அவளிடமே கொடுத்தார் ஆசிரியர். அவள் காதோரம் வைத்துக் குலுக்கினாள், குலுக்கினாள், நிறுத்தவே இல்லை.

"எவ்ளோ நேரம்டி?" என்று யாரோ அலுத்துக்கொண்டார்கள்.

"எனக்கே தெரியாது. கை எப்ப நிக்குதோ அப்ப. இவ மிஷினு மாதிரி குலுக்காமயே எடுக்கச் சொல்றியா?"

குத்தலாகத்தான் சொன்னாள். எனக்கு அதில் விடை கிடைத்துவிட்டது. சுவிட்ச் போட்டதும் கம்ப்யூட்டர் குலுக்கலுக்கு எடுக்கும் எண்களைத் தினமும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறது. அணைக்காமல் இருபது முறை ஓட்டியதால் எனக்கு அது தெரியவில்லை. அதற்கும் ஒரு குலுக்கல் வேண்டும். எப்போது நிற்கும் என்று தெரியாத ஒரு கை வேண்டும்.

முதல் சீட்டு அன்று அவளுக்கு வந்தது. என் சீட்டு ஆறுக்குள் வரவில்லை. அவளிடம் போய் நின்றேன். தப்பு என்னுடையதுதான், வேண்டுமென்று செய்யவில்லை, ஐந்து நிமிடம் தருவாயா என்று கேட்டேன்.

நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். "அஞ்சு நிமிசம். பக்கத்துலயே நின்னுக்கினு இருப்பேன்."

நாலு வரி சேர்த்தேன். யாராவது ஒரு விசையை அழுத்தும்வரை கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டே இருக்கும். அழுத்திய கணத்தில் நின்ற எண்ணிலிருந்து குலுக்கலைத் தொடங்கும். ஓட்டினேன். வரிசை மாறியது. எழுந்திருக்கப் போனேன்.

"உக்காரு. கேசட்ல ஏத்து. சுவிட்ச அணைச்சிட்டுப் போடு," என்றாள்.

அணைத்து, போட்டு, கேசட் ஓடி முடியக் காத்திருந்தோம். விசையை அவளே அழுத்தினாள். நான்காவதாக வந்தாள். "மறுபடி அணை." ஒன்பதாவது. "மறுபடி." இந்த முறை பன்னிரண்டாவது. பழைய வரிசையே திரும்பிவிட்டதோ என்று நினைத்தேன்.

அவள் மற்ற பெயர்களை மேலிருந்து கீழாகப் படித்தாள். "மீதி எல்லாம் மாறிக்கீது. அப்ப செரிதான்," என்று நாற்காலியைப் பார்த்தாள். கால் மணி முடிந்திருந்தது. அவள் அதுவரை ஒரு வரிகூட அடிக்கவில்லை.

திங்கட்கிழமை வந்தவர் முதலில் செய்தது சுவிட்சை அணைத்ததுதான். திரும்பப் போட்டு இரண்டு முறை பார்த்தார். எதற்கு விசையை அழுத்தச் சொல்கிறது என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். பிராஜெக்ட் நோட்டில் 'சோதித்தவர்' என்று எழுதி அவள் பெயரைப் போட்டிருந்தேன். அதன் கீழ் பச்சை மையால் ஒரு கோடு இழுத்தார். எங்கள் வகுப்பில் நல்ல மதிப்பெண்களில் ஒன்று எனக்குக் கிடைத்தது. அவளுடைய பிராஜெக்டுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதற்குள் என் முறைகள் இரண்டை அவளுக்குக் கொடுத்தேன். பாக்கியை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டாள். அவளும் தேறினாள்.

இப்போது புரோகிராம் எழுதுவதே என் வேலை. முடித்ததும் சரிபார்க்க ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்; அணைத்துப் போட்டுப் பார் என்பது அதில் இரண்டாவது வரி. முதல் வரி, கடைசியில் நிற்பவரிடம் காட்டினாயா என்பது.