செப்டம்பரில் எங்களுக்கு ஒரு பிள்ளை

பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கிலீசுக்காரர் நாளையைப் பற்றி எப்படிப் பேசுவார்கள் என்று எழுத இவருக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். சுதந்திரம் கிடைத்த பிறகும் திருகோணமலைக் கடற்படைத் தளம் சில வருடங்கள் வெள்ளைக்காரர் கையில் இருந்தது. அங்கே தச்சுப் பட்டறையில் நான் வேலை செய்தேன். கை மரத்தில் இருந்தாலும் காது திறந்திருந்தது. அவர்கள் பேசும் விதத்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு நன்மை வந்தது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் படிப்பித்தது, வரப்போவதைச் சொல்ல நான் என்றால் 'ஷல்', நீ என்றால் 'வில்' என்று. அதைப் பாட்டுப்போலப் பாடமாக்கி வைத்திருந்தேன். பட்டறைக்குப் போனால் 'ஷல்' ஒருவர் வாயிலும் வரவில்லை. எங்கள் போர்மன் துரையிடம் ஒரு கதவு இறுகுகிறது என்று போய்ச் சொன்னால், 'ஐ வில் லுக் அட் இட்' என்பார். அது அந்த நிமிடம் அவர் மனதில் எழுந்த எண்ணம். நல்ல எண்ணம்தான், ஆனால் அதை நம்பிக் கதவைக் கழற்றி வைக்கத் தேவையில்லை. 'ஐ ஆம் லுக்கிங் அட் இட் ருடே' என்றாரோ, கழற்றி வைக்கலாம். அந்த வேலை அவருடைய நாளுக்குள் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டது. நடக்கப்போவதை நடந்துகொண்டிருப்பதைப்போலச் சொல்லுவார்கள். கப்பல்காரர் 'நாங்கள் வியாழக்கிழமை புறப்படுகிறோம்' என்பது, சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று சொல்வதுபோல இருக்கும். கறுத்த மேகத்தைக் கண்டால் 'இட்ஸ் கோயிங் டு ரெயின்'. மேகம் சந்தேகமாக இருந்தால் 'இட் மைட்'. நாளை என்பது எவ்வளவு தூரம் தங்கள் கைக்குள் இருக்கிறது என்பதை ஒரு சின்ன வசனத்துக்குள் அளந்து வைத்துவிடுவார்கள். யோசித்துச் சொல்வதும் இல்லை, பேச்சோடு பேச்சாக வரும். எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

எங்கள் தமிழிலும் இல்லாமல் இல்லை. வாறன், வருவன், வரப்போறன் எல்லாம் இருக்கின்றன. ஆனால் இக்கட்டான இடத்தில் நாங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு 'பார்ப்பம்' என்போம். அந்த ஒரு சொல்லில் ஓமும் இருக்கும், இல்லையும் இருக்கும். குடாவைக் கடந்து மூதூருக்கு ஓடிய மோட்டார்ப் படகை, லோஞ்சை, ஓட்டிய நானாவிடம் நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டால், "ஆறு மணிக்கு, இன்ஷா அல்லாஹ்" என்பார். ஆறு மணிக்குக் கயிற்றை அவிழ்த்துவிடுவார். பிந்தி ஓடி வந்தவன் கரையில் நின்று கத்தினால், "எனக்கு அல்லாஹ் நாடிட்டான் தம்பி, உனக்குத்தான் நாடல்ல" என்று சிரித்துக்கொண்டே போவார்.

சனிக்கிழமைகளில் அரைநாள் வேலை முடிந்ததும் அந்த லோஞ்சில் குடாவைக் கடந்து, மூதூரில் இறங்கி, கட்டைபறிச்சானுக்கு நடப்பேன். உங்கள் அம்மா அங்கே தன் தாய்வீட்டில் இருந்தாள். உங்களுக்கு முன்னால் ஒரு பிள்ளை இருந்ததைப் பற்றி நாங்கள் உங்களோடு அதிகம் கதைத்ததில்லை. மார்கழி மாதம் அம்மாவுக்குப் பிள்ளைப்பேற்று நோக் கண்டபோது, வாடைக்காற்றில் லோஞ்சு ஓடவில்லை. தரைவழியெல்லாம் வெள்ளம். மருத்துவிச்சி தன்னால் ஆனதைச் செய்தா. ஆனால் பிள்ளை குறுக்கே கிடந்தது, ஆஸ்பத்திரி குடாவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அம்மா பிழைத்ததே பெரிது.

மறுபடியும் வயிற்றில் தங்கியது. கணக்குப் பார்த்தால் அதே மார்கழி.

"இந்த முறை நீர் முன்னுக்கே திருகோணமலை ரவுணுக்கு வந்திரும். அறை ஒண்டு எடுப்பம்" என்றேன்.

"என்னத்துக்கு வாறது?"

"பிள்ளை பிறக்கத்தான்."

"வாயை வைக்காதேங்கோ" என்றாள் உங்கள் அம்மா. "போன முறை பேர் முதலாய்க் கதைச்சுக் கதைச்சுத்தான் அப்பிடிப் போச்சு."

அடுப்படிக் குசினிக்குள் இருந்து மாமி, அவளின் தாய், குரல் கொடுத்தா. "தங்கினதைச் சொன்னாலே நாவூறு, தம்பி. பிறக்கிறதைச் சொல்லலாமோ?"

"அப்ப எப்பதான் வாறது?"

"பார்ப்பம்" என்றாள்.

அவளைக் குறை சொல்லவில்லை. இழந்தவளுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். ஆனால் மாதத்தைச் சொல்லாமல் அறை எடுக்க முடியாது, கிளினிக்கில் பதிய முடியாது. காற்று எங்களுக்காகக் காத்திருக்கவும் போவதில்லை.

அந்த நாட்களில்தான் தளத்து எஞ்சினியரின் மனைவி, துரைசாணி, பட்டறைக்கு வந்தா. பிள்ளைக்கு ஒரு தொட்டில் வேண்டும், நாலு காலும் பக்கக் கம்புகளும் வைத்து. யாருடைய பிள்ளைக்கு என்று கேட்டேன். 'வீ ஆர் ஹேவிங் எ பேபி இன் செப்டம்பர்' என்றா. செப்டம்பரில் எங்களுக்கு ஒரு பிள்ளை. கப்பல் வியாழக்கிழமை புறப்படுகிறது என்பதைப்போல அதே குரலில். முதிரைப் பலகையில் செய்யத் தொடங்கினேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது இரண்டு பெண்களும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

"வெறுந் தொட்டிலை வீட்டுக்குள்ள வைக்கிறதோ?" என்றா மாமி. "எங்களுக்கு ஏணை இருக்கு. பிள்ளை வந்தாப் பிறகு பழஞ்சேலை ஒண்டைக் கூரை வளையில கட்டினால் சரி."

ஆனால் ஆடி அமாவாசைக்குக் கோயிலுக்கு என்று ரவுணுக்கு வந்த உங்கள் அம்மா, நான் அன்றைக்குத் தொட்டிலைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன் என்று கேட்டதும், "நானும் வாறன்" என்றாள். "அந்த மனுசி அதை எங்க வைக்கிறா எண்டு பார்க்கவேணும்."

தள்ளுவண்டியில் தொட்டிலை ஏற்றி மேட்டு பங்களாவுக்குக் கொண்டுபோனோம். துரைசாணி எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டா. தொட்டிலை வைத்த இடம் ஒரு பெரிய யன்னலுக்குப் பக்கம். யன்னலுக்கு வெளியே துறைமுகம், அதற்கு அப்பால் குடா, அதற்கும் அப்பால் மெல்லிய கோடாக மூதூர்க் கரை. அலுமாரியைத் திறந்து மடித்த துணிகளை எடுத்துத் தொட்டிலுக்குள் அடுக்கினா. கம்பளியில் பின்னிய சின்னக் காலுறை ஒரு சோடியும் இருந்தது.

"இந்த வெக்கைக்குக் கம்பளியோ?" என்றாள் உங்கள் அம்மா.

நான் கேட்டுச் சொன்னேன். டிசம்பரில் அவர்கள் ஊருக்குப் போகிறார்கள், அங்கே அப்போது குளிர், பிள்ளைக்கும் கப்பலில் இடம் எடுத்தாயிற்று. இதைச் சொல்லும்போது நானாகவே "கடவுள் விட்டால்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டேன்.

"அவ கடவுளைச் சொல்லேல்லை" என்றாள் உங்கள் அம்மா. "மேல பார்க்கவும் இல்லை. நீங்கள் சேர்க்காமல் சொல்லுங்கோ."

பிறகு ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். இது முதற் பிள்ளையோ?

துரைசாணி காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு, இல்லை என்றா. ஒரு மகன் பிறந்தவனாம், மோல்ற்றாத் தீவில் இருந்தபோது. மூன்று கிழமை இருந்தானாம். அங்கேயே அடக்கம் செய்தார்களாம்.

நான் இதைத் தமிழில் சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. உங்கள் அம்மா தொட்டிலின் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப, அதுக்குப் பிறகும் இப்பிடிச் சொல்ல அவவுக்குப் பயமில்லையோ?"

துரைசாணி சொன்னதை நான் ஒன்றும் சேர்க்காமல் சொன்னேன். "பயம்தானாம். ஒவ்வொரு நாளும் பயமாம். ஆனால் பிள்ளை வாறது செப்டம்பரிலதானே, வேற என்னெண்டு சொல்லுறது எண்டு கேக்கிறா."

அதுவரைக்கும் நான் நினைத்திருந்தது, இவர்களுக்கு இழப்புத் தெரியாது, அதனால்தான் நாளையை இவ்வளவு துணிவாகச் சொல்கிறார்கள் என்று. அது அப்படி இல்லை. தெரிந்துகொண்டுதான் சொல்கிறார்கள். அந்த இனத்தார் எங்கள் நாட்டில் செய்ததற்கெல்லாம் நான் தலையாட்ட மாட்டேன். அந்த அறையில் அந்தப் பெண் சொன்ன அந்த வசனத்துக்கு மட்டும் இன்றைக்கும் எழுந்து நிற்பேன்.

துரைசாணி உங்கள் அம்மாவின் வயிற்றைப் பார்த்துவிட்டு, உனக்கு எப்போது என்று கேட்டா. நான் மொழிபெயர்க்க வாய் எடுத்தேன். தேவைப்படவில்லை. உங்கள் அம்மா என்னைப் பார்க்காமல் அவவைப் பார்த்தாள்.

"டிசம்பர்" என்றாள்.

பிறகு யன்னலுக்கு வெளியே தூரத்துக் கரையைக் காட்டி, அங்கே இல்லை என்பதுபோல விரலை ஆட்டினாள். அதே விரலைக் குடாவுக்கு மேலால் மெதுவாக இழுத்துவந்து ரவுண் பக்கம் காட்டினாள். "இஞ்ச" என்றாள். துரைசாணிக்கு 'இஞ்ச' விளங்கியிருக்காது. ஆனால் தலையை ஆட்டினா.

மேட்டிலிருந்து இறங்கி வரும்போது வெறும் வண்டி கடகடத்தது. அந்தச் சத்தத்துக்குள் உங்கள் அம்மா சொன்னாள். "கார்த்திகை பிறக்க முதல் நான் வந்திருவன். அம்மாவும் வருவா. ஆஸ்பத்திரிக்குக் கிட்ட அறை ஒண்டு பாருங்கோ."

"பார்ப்பம்" என்றேன். பழக்கதோசம்.

அவள் நின்றுவிட்டாள். "என்ன பார்ப்பம்?"

"நாளைக்கு விடியப் பார்க்கப் போறன்" என்றேன்.

சொன்னபடி வந்தாள். காற்று எழும்ப முன்னம், நானாவின் லோஞ்சில், ஒரு தகரப் பெட்டியோடும் மாமியோடும். மாமி வழி நெடுகப் புறுபுறுத்துக்கொண்டு வந்தாவாம். மார்கழியில் மறுபடியும் லோஞ்சு ஓடவில்லை. அந்த மழைக்குள் உங்கள் அம்மா ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனாள். உங்களில் மூத்தவள் அங்கேதான் பிறந்தாள், பெரிய சத்தத்தோடு.

ஒன்றை மட்டும் மறைக்கக்கூடாது. அந்த ஆடி அமாவாசை பின்னேரம் வீட்டுக்குப் போனதும், உங்கள் அம்மா உப்பையும் செத்தல் மிளகாயையும் எடுத்துத் தன் வயிற்றைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடிக்க வெடிக்க, "சொல்லத்தான் வேணும்" என்றாள். "அதுக்காக நாவூறு கழிக்காமல் விடேலாது."