காலையில் வாசித்த பெயர்கள்

என் கட்டிலுக்கு மேலே ஒரு பழுப்புத் தாள் தொங்குகிறது. பார்ப்பவர்களுக்கு முட்டை அட்டை மாதிரித் தெரியும். ஈரத் தாளைப் பாறையில் ஒட்டி, தூரிகையால் தட்டி, காய்ந்ததும் உரித்தெடுத்த எழுத்து அது. ஒட்டகங்களில் சாம்பிராணி ஏற்றிப் அரேபியப் பாலைவனம் கடந்த பழங்கால நபத்தேய இன வணிகன் ஒருவன் வழியோரப் பாறையில் வெட்டியது. சுவிஸின் பாசல் நகரில் நான் வீட்டுப் பராமரிப்புக்குப் போய்வந்த பேராசிரியை எனக்கென்று விட்டுப்போனது.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கதைக்க வரும் ஒரே ஆள் நான்தான், அதுவும் காலுறை மாட்டிவிடும் நேரத்துக்கு மட்டும். கோப்பி குடிக்குமுன் சுவரிலிருந்த இதுபோன்ற தாள்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிப்பார். இன்னாரின் மகன் இன்னார், நல்லபடி நினைக்கப்படட்டும். எல்லாவற்றிலும் அவ்வளவுதான் இருந்தது. வீட்டில் அரபு பேசிய அந்த மனிதர்கள் கல்லில் அரமேயம் என்ற வேறு மொழியில் எழுதினார்களாம். நாங்களும் அப்படித்தான், பேசத் தமிழ், எழுத ஜெர்மன் என்றேன். வெகுநேரம் சிரித்தார். இதற்காகத் தினமும் தொண்டையைக் கிழிக்க வேண்டுமா என்றும் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"வாசிக்கத் தெரிந்தவள் நான், வாசிக்காமல் கடந்து போகலாமா?" என்றார்.

போரில் காணாமற்போன என் அண்ணையின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. திவசம் செய்வோமா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, ஊரிலிருந்த அம்மா, "செத்தவைக்குத்தான் திவசம். என்ரை பிள்ளை வருவான்" என்று தொலைபேசியை வைத்துவிட்டார். அந்த மனப்பாரத்தோடு வேலைக்குப் போனவன் பேராசிரியையிடம் சொல்லிவிட்டேன். அவர் துக்கம் விசாரிக்கவில்லை. பெயரென்ன, தகப்பன் பெயரென்ன என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் கடைசித் தாளையும் வாசித்தபின், வெறும் சுவரைப் பார்த்து அண்ணையின் பெயரைச் சொன்னார். அவருடைய நாக்கில் அது நசுங்கித்தான் வந்தது. செத்தவர்களோடு சேர்த்துச் சொன்னால் அம்மாவுக்குப் பொறுக்காது என்றேன்.

"இந்தப் பெயர்களை எழுதியவர்கள் எல்லோரும் எழுதும்போது உயிரோடுதான் இருந்தார்கள்" என்றார். காலுறையோடு குனிந்திருந்த நான் நிமிரவில்லை. கண் கலங்கிப்போயிருந்தது.

அவர் விருப்பப்படியே அவரைப் பெயர் பொறிக்காத பொதுக் கல்லறையில் வைத்தார்கள். ஊர்பேர் தெரியாதவர்களையெல்லாம் தினமும் கூப்பிட்டவர், தனக்கென்று ஒரு கல்லும் வேண்டாம் என்றிருக்கிறார். எனக்குக் கோபம்தான் வந்தது.

இந்தத் தாளை எனக்கு வாசிக்கத் தெரியாது. கேட்டுக் கேட்டு மனப்பாடம். கோப்பிக்கு முன் அந்த வணிகனின் பெயரைச் சொல்கிறேன். பிறகு அண்ணையின் பெயர், பிறகு பேராசிரியையின் பெயர். என் பெயரைச் சொல்ல அறையில் ஆளில்லை. அந்த வணிகனும் தன் பெயரைத் தானேதான் வெட்டியிருப்பான். அதனால் என் பெயரையும் நானே சத்தமாகச் சொல்லிவிட்டு, காலுறையை மாட்டிக்கொண்டு ட்ராமுக்குப் போகிறேன்.