பிலிமத்தலாவையில் எனக்கு முந்திப் போனவள்

ஆவி, தரிசனம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். இப்போதும் அப்படித்தான். அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநான்கு முடிந்து முப்பத்தைந்து பிறந்த சமயம், மலேரியா வந்த காலம். நாங்கள் கண்டி டவுனில் இருந்தோம், மடியில் கைக்குழந்தை. அந்நாளைய ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இன்றும் மனது குளிரும். வாவியில் பனி கலையுமுன்பே கோயில் மணி அடித்துவிடும், நான் ஆர்மோனியம் வாசிப்பேன், ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பேக்கரியிலிருந்து சூடான பாண் வாசனை வரும். ஊருக்கு வெளியே சனங்கள் காய்ச்சலில் சுருண்டுகிடக்கிறார்கள் என்று போதகர் சொன்னால் கண்ணை மூடி உருக்கமாக ஜெபிப்பேன், பிறகு வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்குவேன். அதுவே போதும் என்றிருந்தேன்.

எங்கள் சபையில் ஞானம் அக்கா என்று ஒருத்தி இருந்தாள். கஞ்சியும் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரையும் எடுத்துக்கொண்டு தினமும் பஸ்ஸில் பிலிமத்தலாவைப் பக்கம் போவாள்.

"நீயும் வா தங்கச்சி, ஆள் பத்தல" என்பாள்.

"பிள்ளைக்கு ஒட்டிக்கிடும்க்கா. வீட்டுலயே ஜெபிக்கிறேன்."

"ஜெபி. கஞ்சிய யாரு ஊத்துறது?" என்று ஒருநாள் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ராத்திரி முழுக்க அது நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. விடிந்ததும் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, 'பயம் போகாட்டியும் பரவாயில்ல ஆண்டவரே, காலை மட்டும் நகத்துங்க' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அக்காவோடு பஸ் ஏறினேன்.

நாங்கள் போனது சிங்களச் சனங்களின் கிராமம். வயல் வெடித்துக்கிடந்தது, ஒரு கூரையிலும் புகை இல்லை. ஒரு வீட்டு வாசலில் என் கால் நின்றுவிட்டது. உள்ளே ஒரு சின்னப் பிள்ளை முனகிற்று. எப்படி நுழைந்தேனோ தெரியாது, தாயும் மகளும் ஒரே பாயில் கிடந்தார்கள், தாயின் தலையை மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பயம் எந்த நிமிஷத்தில் போனது என்றும் தெரியாது.

அவள் என் முகத்தைப் பார்த்து சிங்களத்தில் ஏதோ சொன்னாள். அக்கா திகைத்துப்போய் நின்றாள்.

"என்னக்கா சொல்றா?"

"நேத்து வந்தப்போ நல்லா சிங்களம் பேசினீங்களே அம்மா, இன்னிக்கு ஏன் பேசமாட்டேங்கிறீங்கன்னு கேக்குறா."

எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் சிங்களம் வராது. முதல்நாள் நான் வீட்டுப்படி இறங்கவே இல்லை. அக்காவும் அன்றைக்கு வேறு பக்கம் போயிருந்தாள். எழுந்து போய் அடுப்பைத் தொட்டேன். நம்பினால் நம்புங்கள், சாம்பலில் இன்னும் சூடு இருந்தது. பக்கத்துச் சட்டியில் கஞ்சி ஒட்டியிருந்தது. அந்த வீட்டில் எழுந்து நிற்கக்கூடிய ஆள் ஒருவரும் இல்லை.

காய்ச்சல் ஓயும்வரை நான் தினமும் போனேன். என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. தாயும் மகளும் பிழைத்தார்கள்.

அந்த மகள் வளர்ந்து, கண்டி மார்க்கெட்டில் மரக்கறி விற்க வந்தாள். அங்கேயே தமிழும் பழகியிருந்தாள். ஒருநாள் சிரித்துக்கொண்டே அவள் அம்மா என்னை முதல்நாளும் வந்தவள் என்று நினைத்துக்கொண்டதைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "காய்ச்சல்ல அம்மாவுக்கு அடையாளம் தெரியல. மொதநாள் வந்தவங்க வேற, நீங்க வேற. உங்ககூட வந்த அக்காவும் இல்ல."

"அப்ப அவங்க எங்க போனாங்க?"

"எங்கயும் போகலயே" என்றாள் போஞ்சிக்காயை நிறுத்துக்கொண்டே. "நீங்க கஞ்சி குடுக்கிறப்போ உங்க பின்னாலதான் நின்னாங்க. நீங்கதான் திரும்பிப் பாக்கல."

இன்றைக்கும் நோயாளி வீட்டில் குனிந்து நிற்கும்போதெல்லாம் என் முதுகு சிலிர்க்கும். அது பயமில்லை. ஆனாலும் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.