அறுநூற்றுப் பத்து கஜம்

லைல் ஹௌகன் தன் அறுபத்தெட்டு வயதுவரை இருநூற்றைம்பது கஜத்துக்கு அப்பால் நின்ற எந்த விலங்கையும் சுட்டதில்லை, கடைசி விலங்கைத் தவிர.

மொன்டானா மலைச்சாலைகளில் முப்பத்தொரு வருடம் பனி வாரும் வண்டி ஓட்டியவர். ஒரே ரைஃபிள்தான் வைத்திருந்தார். பத்தொன்பது வயதில் வாங்கிய முப்பது-நாட்-ஆறு ரகம். சுட்டால் தோள் கன்றிப்போகும். அதைக் கொண்டு இருபத்தாறு எல்க் மான்களை வீழ்த்தியிருந்தார். எல்லாமே காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, பனியில் வயிற்றால் ஊர்ந்து, கிட்டே போய்ச் சுட்டவை.

அவர் தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தார். ஒரு பருவத்துக்கு ஒரு சீட்டு, ஒரு சீட்டுக்கு ஒரு மான். மான் கையில் கிடைத்த பிறகு வேட்டைச் சீட்டில் மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்ட வேண்டும் என்பது அரசாங்கத்தின் விதி. லைலுக்கு, பனியில் இரத்தம் விழுந்தாலே சீட்டு தீர்ந்தது. மான் கிடைத்தாலும் ஒன்றுதான், கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான். மகள் ப்ரிட்டாவுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அடிபட்டு ஓடிய பெண்மான் ஒன்றை மூன்று நாள் தேடினார். கிடைக்கவில்லை. சீட்டை வெட்டினார். அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டில் டப்பா மீன்தான். கூட வேட்டைக்குப் போகும் வெண்டல் ஒரு தொடை இறைச்சி கொண்டுவந்தார். லைல் வாசலிலேயே மறித்தார்.

"அது நீ சுட்டது. நான் சுட்டது எங்கயோ செத்துக் கெடக்கு. அதத்தான் நான் திங்கணும்."

அறுபத்தேழில் முழங்கால் போனது. அடுத்து வலது தோளில் அறுவைச் சிகிச்சை. பழைய ரைஃபிளின் உதையைத் தோள் இனித் தாங்காது என்றார் மருத்துவர். ஊர்ந்து கிட்டே போகவும் முடியாது. அந்த இலையுதிர் காலம் லைல் ஜன்னலருகே உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ப்ரிட்டாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவள் இயந்திரப் பொறியாளர். அடுத்த மாநிலத்தில் எண்ணெய்க் குழாய்களுக்கான வால்வுகளை வடிவமைப்பவள். அடுத்த ஜூலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து அப்பாவை வெண்டலின் துப்பாக்கிக் கடைக்கு அழைத்துப் போனாள். கிட்டே போக முடியாதென்றால் தூரத்திலிருந்து சுடலாம். அதற்கு ஏற்ற ரைஃபிளும் தோட்டாவும் வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

"ஏழு மில்லிமீட்டர் மேக்னம் எடுத்துக்க லைல்," என்றார் வெண்டல். "எதிர்ச் சரிவுல நிக்கிறதும் சாயும்."

"சாயப்போறது மானா, நானா? தோள்ல திருகாணி போட்டு வெச்சிருக்காங்கடா."

"அப்ப இந்த ஆறரை மில்லிமீட்டர். காகிதத்துல ஓட்டை போடுற பசங்களோட தோட்டா. பூனை தும்மின மாதிரிதான் உதைக்கும்."

"கேட்டியா ப்ரிட்டா? கடைசியில நம்மள பூனை கணக்குல சேத்துட்டான்."

ப்ரிட்டா சிரித்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தாள். தூரம், குண்டு இறங்கும் அளவு, காற்று தள்ளும் அளவு, எஞ்சும் வேகம். ஆறரையைத்தான் தேர்ந்தாள். ஈயம் கலக்காத முழுச் செம்புக் குண்டு. உடம்புக்குள் போனதும் அது பூப்போல விரிய வேண்டும். விரியாவிட்டால் ஊசி மாதிரி நுழைந்து ஊசி மாதிரி வெளியேறிவிடும். விரிவதற்கு நொடிக்கு இரண்டாயிரம் அடி வேகம் தேவை என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. அவள் அட்டவணை அறுநூறு கஜத்தில் இரண்டாயிரத்து நாற்பது காட்டியது.

லைல் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த எண்ணைப் பார்த்தார்.

"நாப்பது அடிதான் மிச்சமா?"

"மிச்சம் மிச்சந்தானேப்பா."

"நீ சொன்னா சரி," என்றார்.

அன்று மாலை அறுநூறு கஜத்தில் தொங்கவிட்ட இரும்புத் தட்டில் ஐந்து தோட்டா சுட்டார். ஐந்தும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கின. ஒவ்வொரு முறையும் தட்டின் ஓசை தாமதமாக வந்து சேர்ந்தபோது சின்னப் பையனைப்போலச் சிரித்தார். ப்ரிட்டா அவரை அப்படிப் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

நவம்பர் பத்தொன்பதாம் தேதி, மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. எதிர்ச் சரிவில் இடக்கொம்பின் முனை ஒடிந்த ஆண் எல்க் ஒன்று நின்றது. தூரமானியில் அறுநூற்றுப் பத்து. லைல் சுட்டார். மான் முதுகை வளைத்தது, பிறகு நடந்து மரங்களுக்குள் போனது. அது நின்ற இடத்துக்கு லைலும் கூடப் போயிருந்த வெண்டலும் போய்ச் சேர்ந்தபோது பனியில் பொத்தான் அளவுக்கு நான்கு சொட்டுச் சிவப்பு இருந்தது.

"ஊருக்குப் போயி ரெண்டு பசங்களையும் குதிரையையும் கூட்டிட்டு வர்றேன். நீ இங்கயே இரு கிழவா," என்றார் வெண்டல்.

"இருக்கேன், இருக்கேன். போய்ட்டு வா."

லைல் அங்கே இருக்கவில்லை. மறுநாள் இரண்டு மைல் உள்ளே ஒரு பைன் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரைக் கண்டெடுத்தார்கள். இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். மான் கிடைக்கவில்லை, அன்றிரவே பனி கொட்டித் தடத்தை மூடிவிட்டது. சட்டைப் பையில் வேட்டைச் சீட்டு இருந்தது. நவம்பரும் பத்தொன்பதும் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தன.

அடக்கம் முடிந்த வாரமே ப்ரிட்டா அட்டவணையை மறுபடி திறந்தாள். அது ஜூலையின் இருபத்தெட்டு டிகிரிக்குப் போட்டது. குளிரில் தோட்டாவின் மருந்து மந்தமாக எரியும், காற்று கனக்கும். நவம்பரின் எண்களைப் போட்டாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. குண்டு விரியத் தேவையானதைவிட ஐம்பது அடி குறைவு. வேலையிடத்தில் ஒரு வால்வை மைனஸ் நாற்பதில் சோதிக்காமல் அவள் கையெழுத்துப் போட்டதில்லை. அப்பாவின் தோட்டாவுக்கு அந்தச் சோதனையைச் செய்யவில்லை.

ஒரு வழி மட்டும் மிஞ்சியிருந்தது. குண்டு வயிற்றில் பட்டிருக்கலாம். வயிற்றில் பட்டால் எந்தத் தோட்டாவும், பழைய முப்பது-நாட்-ஆறு உட்பட, மானை மைல் கணக்கில் நடக்கவிடும். அப்படியானால் தவறு அப்பாவின் கையினுடையது. குளிர்காலம் முழுக்க அவள் அதைத்தான் விரும்பினாள். அப்படி விரும்புவது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் விரும்பினாள்.

ஏப்ரல் கடைசியில் வெண்டல் தொலைபேசியில் அழைத்தார். உதிர்ந்த கொம்பு பொறுக்கப் போனவர்.

"ப்ரிட்டா... இடக்கொம்பு ஒடிஞ்சது. அதேதான். நீ வரணுமாம்மா? வராட்டியும் பரவால்ல."

"எதையும் தொடாதீங்க வெண்டல். வர்றேன்."

லைல் சாய்ந்திருந்த பைன் மரத்தடியில் இருவரும் நின்றார்கள். வெண்டல் கீழே சரிவைக் காட்டினார். ப்ரிட்டா அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு. அவ்வளவுதான் அப்பாவுக்கு மிச்சமிருந்தது. சரியான தடத்தில்தான் வந்திருக்கிறார்.

மானின் வயிற்றை நரிகள் தின்றிருந்தன. கீழே கிடந்த பக்கத்தையும் மேல் பக்கத்தையும் பனி கெடாமல் வைத்திருந்தது. விலாவின்மேல் தோல் தோல்செருப்பு மாதிரி விறைத்திருந்தது. அவள் மண்டியிட்டு ரோமத்தை விலக்கினாள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் ஒரு துளை. நினைத்த இடத்துக்கு இரண்டு விரல் கீழே. அதுவும் குளிரின் வேலை. ஆனால் நுரையீரல்தான். வெண்டலும் அவளுமாக உடலைப் புரட்டினார்கள். மறுபக்கம், நேர் எதிரே, இன்னொரு துளை.

சட்டைப் பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்தாள். உள்ளே போன துளை, விலா எலும்பில் ஆறு புள்ளி எட்டு மில்லிமீட்டர். வெளியே வந்த துளை, ஆறு புள்ளி ஒன்பது.

"என்ன சொல்லுது?" என்றார் வெண்டல்.

"அப்பா சரியாத்தான் சுட்டிருக்கார். குண்டுதான் விரியல."

வெண்டல் தொப்பியைக் கழற்றினார். பிறகு, "நான்தாம்மா அந்தப் பெட்டிய அலமாரியிலேர்ந்து எடுத்துக் குடுத்தேன்," என்றார்.

"நீங்க ஏழு மில்லிமீட்டர் சொன்னீங்க."

"அவன் தோளுக்கு அது ஆகாது. அதுவும் நெசம்தானே? அங்கயே இருன்னு சொல்லிட்டுப் போனேன். கேட்டானா?"

"ரத்தம் விழுந்தா அவர் போவார்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும்."

வெண்டல் கோட்டுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதில் லைலின் சீட்டு. சீட்டை மான் கொம்பில் கட்டுவதுதான் முறை. வேட்டைக்காலம் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அது இனி எதற்கும் செல்லாது. சீட்டைக் கோத்த கம்பியைக் கொம்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கினார்.

ப்ரிட்டா அளவுகோலை மூடினாள். திறந்தாள். மறுபடி துளைக்குள் வைத்தாள். ஆறு புள்ளி ஒன்பது.

"போதும்மா, வா. இருட்டறதுக்குள்ள எறங்கணும்."

"இன்னொரு தடவ," என்றாள்.